தேனும் பித்தமும்: சொல்லின் உணர்ச்சி குறித்துச் சில திறனாய்வுக் குறிப்புகள்

ஒரு கிண்ணத்தில் தூய தேன் இருக்கிறது. அது தேன் என்பதை நன்கறிந்த ஒருவர் அதனை உண்ணக் கை நீட்டுகிறார். அருகிலிருப்பவர், வாந்தியில் வெளிப்பட்ட பித்தநீரைப் போலிருக்கிறதே என்று ஒரு வார்த்தை சொல்லுகிறார். சொன்னவர் அதைப் பித்தம் என்று மெய்ப்பிக்க முற்படவில்லை. கேட்டவரும் அதனை நம்பவில்லை. எனினும் நீட்டிய கை சற்றே பின்வாங்குகிறது. இந்தச் சிறு நிகழ்ச்சியை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இப்னு சீனா (980–1037) தம்முடைய தருக்க நூல்களில் எடுத்துக்காட்டாகக் கையாண்டார். ஆன்மாவின் ஆற்றல்களை ஆராயும் பகுதியிலும் இதனையே மீண்டும் எடுத்துரைத்தார். அறிவு மறுக்கும் ஒன்றுக்கு மனம் ஏன் கீழ்ப்படிகிறது என்பதே அவரை ஈர்த்த கேள்வி.

இலக்கியத் திறனாய்வுக்கும் இது அடிப்படையான கேள்வியாகும். சொல் தன் பொருளை உணர்த்துவதோடு நின்றுவிடுவதில்லை. கேட்பவர் அப்பொருளை ஏற்பதா, மறுப்பதா என முடிவு செய்வதற்கு முன்பே அவர் மனத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து விடுகிறது. இந்தச் சாய்வு எங்கிருந்து வருகிறது? தனிச்சொல்லிலிருந்தா, சொற்கள் சேர்ந்த கூட்டத்திலிருந்தா, அன்றிக் கேட்பவரின் வாழ்விலிருந்தா? அரபு இலக்கியக் கோட்பாட்டாளர் இவ்வினாவை ஏட்டில் ஆராய்ந்தனர். அண்மைக்கால உளவியலாளர் சோதனைக் கூடத்தில் ஆராய்ந்துள்ளனர். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்றன் குறையை மற்றொன்று எடுத்துக்காட்டுவதைக் காணலாம். அந்த ஒப்பீட்டை முயல்வதும், அதன் வெளிச்சத்தில் தமிழ் முஸ்லிம்களின் வழக்குச் சொற்கள் அச்சில் படும் பாட்டைப் பற்றி ஒரு கருத்தை முன்வைப்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

அரிஸ்டாட்டிலின் கவிதையியல் நூல் சிரியாக் மொழியின் வழியாக, அபூ பிஷ்ர் மத்தா (இறப்பு 940) என்பவரால் அரபு மொழிக்கு வந்து சேர்ந்தது. கிரேக்கரின் நாடக மேடையை அறியாத அரபு அறிஞர்க்கு அந்நூலின் பல பகுதிகள் புதிராகவே இருந்தன. எனினும் அவர்கள் அதனை ஒதுக்கிவிடவில்லை. அலெக்சாந்திரிய உரையாசிரியர் மரபைப் பின்பற்றி, அதனைத் தருக்க நூல்களின் வரிசையிலேயே வைத்துக் கற்றனர். கவிதைக்கும் தருக்கத்துக்கும் என்ன உறவு என்று இன்று நமக்குத் தோன்றலாம். அவர்களுடைய விடை தெளிவானது. கூற்றுகள் மனத்தில் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதை ஆராய்வது தருக்கம். சில கூற்றுகள் அறிவின் ஒப்புதலைப் பெறுகின்றன. வேறு சில, ஒப்புதலைக் கேளாமலே மனத்தை அசைக்கின்றன. முதலாவதைத் தஸ்தீக் என்றும், இரண்டாவதைத் தக்யீல் என்றும் அழைத்தனர். ஃபாராபி (இறப்பு 950) தொடங்கிவைத்த இந்தப் பாகுபாட்டை இப்னு சீனா முழுமையாக்கினார்.

‘ஷிஃபா’ என்னும் பெருநூலின் தருக்கப் பகுதியில் கவிதையைப் பற்றிப் பேசும் இடத்தில் அவர் தரும் விளக்கம் கூர்மையானது. தக்யீல் செய்யும் கூற்றுக்கு மனம் பணிகிறது. ஒரு பொருளை நோக்கி விரிகிறது, அல்லது அதிலிருந்து சுருங்குகிறது. இந்த விரிவும் சுருக்கமும் ஆராய்ச்சியின்றி, சிந்தனையின்றி, தேர்வின்றி நிகழ்கின்றன. கூற்று உண்மையென நம்பப்படுகிறதா, இல்லையா என்பது வேறு கணக்கு. உண்மையான ஒரு செய்தி மனத்தை அசைக்காமல் கிடக்கலாம்; அதுவே வேறு விதமாகச் சொல்லப்படும்போது அசைத்து விடலாம். மனிதர் ஒப்புதலுக்குப் பணிவதைவிடத் தக்யீலுக்கே மிகுதியாகப் பணிகின்றனர் என்றும் அவர் குறிப்பிடுகிறார். இது கவிஞர்க்குப் பெருமை தரும் செய்தி மட்டுமன்று, எச்சரிக்கையுமாகும்.

இதற்குக் காரணமாக அவர் காட்டுவது ‘வஹ்ம்’ என்னும் உள்ளாற்றலை. ஓநாயைக் காணும் ஆடு அதன் நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் காண்பதில்லை. அதன் பகைமையையும் உணர்ந்து ஓடுகிறது. பகைமை கண்ணுக்குப் புலப்படும் பொருளன்று. ஆயினும் ஆடு அதை ஆராய்ந்தறியவில்லை. மனிதரிடமும் இவ்வாற்றல் உண்டு. மஞ்சள் நிறத் தேன் மஞ்சள் நிறப் பித்தத்தை நினைவூட்டிய மாத்திரத்தில் வஹ்ம் தீர்ப்பு வழங்கி விடுகிறது. அறிவு அத்தீர்ப்பைப் பொய் என்று அறிவிக்கிறது. ஆனால் அறிவிப்பு வருவதற்குள் மனம் நகர்ந்து விட்டது.

இப்னு சீனாவின் தேன் கிண்ணத்தை அறிந்தோ அறியாமலோ, அதற்கு இணையானதொரு சோதனையை அமெரிக்க உளவியலாளர் பால் ரோசினும் அவருடன் பணியாற்றியோரும் 1986ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சோதனைக்கு வந்தோரின் கண்முன்னே சர்க்கரை இரண்டு புட்டிகளில் கொட்டப்பட்டது. இரண்டு பெயர்ச்சீட்டுகள் தரப்பட்டன. ஒன்றில் சர்க்கரை என்றும், மற்றொன்றில் சோடியம் சயனைடு என்றும் எழுதியிருந்தது. எந்தச் சீட்டை எந்தப் புட்டியில் ஒட்டுவது என்பதை அவர்களே முடிவு செய்தனர். நஞ்சின் பெயரை ஒட்டியது தம் கையே என்பதையும், உள்ளிருப்பது சர்க்கரையே என்பதையும் அவர்கள் அறிவர். எனினும், சயனைடு என்னும் பெயர் தாங்கிய புட்டியிலிருந்து எடுத்த சர்க்கரையைக் கரைத்த நீரைப் பருக அவர்கள் தயங்கினர்.

1990ஆம் ஆண்டில் ரோசின் குழுவினர் இதனை மேலும் ஒருபடி கொண்டு சென்றனர். இது நஞ்சு அன்று என எதிர்மறையாக எழுதிய சீட்டும் தயக்கத்தை உண்டாக்குவதைக் கண்டனர். இலக்கணம் ‘அன்று’ என்னும் சொல்லால் முன்னதை அழித்து விடுகிறது, மனம் அழிப்பதில்லை. நஞ்சு என்னும் சொல் ஒருமுறை ஒலித்துவிட்டால், அதனை மறுக்கும் சொல் அதன் பின்னால் நடந்து வர வேண்டியிருக்கிறது. கொடுஞ்செயல் ஒன்றின் பெயரோடு ஒருவரது பெயரைச் சேர்த்து முதற்பக்கத்தில் அச்சிட்டு, ஆண்டுகள் கழித்து அவர் குற்றவாளி அல்லர் என்று உள்பக்கத்தில் அச்சிடும் நாளேட்டு வழக்கத்தை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். மறுப்புச் செய்தி அறிவின் கணக்கைச் சரிசெய்கிறது. உணர்ச்சியின் கணக்கில் அதே பழைய சொல்லை இன்னொரு முறை எழுதுகிறது.

சொல்லின் உணர்ச்சி எத்துணை விரைவாக வேலை செய்கிறது என்பதற்கும் சான்றுகள் உள்ளன. ஜெர்மனியில் யோகன்னா கிஸ்லர் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், மௌனமாகச் சொற்களைப் படிப்போரின் மூளை மின்னலைகள் பதிவு செய்யப்பட்டன. இன்பமோ துன்பமோ தரும் சொற்கள், உணர்ச்சி சாராச் சொற்களிலிருந்து வேறுபட்ட அலைகளை ஏறத்தாழ 200 முதல் 300 மில்லி நொடிகளுக்குள்ளாகவே தோற்றுவித்தன. ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாத நேரம் அது. வாக்கியம் முடிவதற்கு நெடுநேரம் முன்னரே, வாக்கியத்தின் மெய்ம்மையை ஆராய்வதற்கு இன்னும் நெடுநேரம் முன்னரே, சொல் தன் நிறத்தைக் காட்டிவிடுகிறது. ஆராய்ச்சியின்றித் தேர்வின்றி மனம் விரிகிறது, சுருங்குகிறது என்று இப்னு சீனா சொன்னது வெறும் அணிமொழியன்று என்பது இதனால் விளங்கும்.

ஆனால் இங்கேதான் திறனாய்வாளன் நின்று யோசிக்க வேண்டும். மேற்சொன்ன சோதனைகளுள் பல தனிச்சொற்களைக் கொண்டு நடத்தப்பட்டவை. அவற்றுக்கு முன்னரே சொற்களின் உணர்ச்சியை அளக்கும் முயற்சி தொடங்கிவிட்டது. சார்ல்ஸ் ஆஸ்குட் தம் நண்பர் இருவருடன் 1957இல் வெளியிட்ட நூல், எந்தச் சொல்லையும் நன்மை–தீமை, வலிமை–மென்மை, இயக்கம்–அமைதி என்னும் மூன்று அளவுகோல்களில் வைக்கலாம் என்று காட்டியது. அம்மூன்றனுள் முதன்மையானது நன்மை–தீமை என்னும் அளவுகோலே. 1999இல் ஏறத்தாழ ஆயிரம் ஆங்கிலச் சொற்களுக்கு உணர்ச்சி மதிப்பெண் தரும் பட்டியல் ஒன்று அமெரிக்காவில் உருவாயிற்று. 2013இல் அது 13,915 சொற்களுக்கு விரிந்தது. இப்பட்டியல்கள் ஆய்வுக்குப் பெரும் பயன் தருவன என்பதில் ஐயமில்லை. ஆனால் இவை ஓர் எண்ணத்தை வாய்விடாமல் விதைக்கின்றன: உணர்ச்சி சொல்லுக்குள்ளே குடியிருக்கிறது, பழத்தில் இனிப்பு இருப்பதைப் போல, சொல்லைப் பிழிந்தால் அது வெளிவரும் என்பதே அவ்வெண்ணம்.

இந்த எண்ணத்தை மறுத்தவர் பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்துல் காஹிர் அல்-ஜுர்ஜானி. இலக்கணப் பேராசானாகிய இவர் ‘தலாயிலுல் இஃஜாஸ்’ என்னும் நூலில் வற்புறுத்தும் கருத்து ஒன்றே: தனிச்சொல்லுக்குத் தனிச்சிறப்பு இல்லை, சொற்கள் ஒன்றோடொன்று இலக்கண உறவில் பின்னப்படும் ‘நழ்ம்’ என்னும் அமைப்பிலேயே சிறப்புப் பிறக்கிறது. இதற்கு அவர் காட்டும் சான்று எளியது. ‘ஷைஉ’ என்பது அரபு மொழியில் பொருள் அல்லது ஏதோ ஒன்று என்னும் பொருளுடைய மிகச் சாதாரணச் சொல். உணர்ச்சிப் பட்டியலில் இதற்கு மதிப்பெண் ஏதும் கிடைக்காது. இச்சொல்லை உமர் இப்னு அபீ ரபீஆ கையாண்ட இடத்தையும், அபூ ஹய்யா கையாண்ட இடத்தையும், முத்தநப்பீ கையாண்ட இடத்தையும் ஜுர்ஜானி அடுத்தடுத்து வைக்கிறார். முன்னிரு இடங்களில் மனத்தைக் கவரும் அதே சொல், முத்தநப்பீ போன்ற மாபெருங் கவிஞரிடத்தில் சுவை குன்றி நிற்பதைச் சுட்டுகிறார். நயம் சொல்லில் உறைந்திருந்தால் அது எல்லா இடத்திலும் நயமாகவே இருந்திருக்க வேண்டுமல்லவா என்பது அவர் கேட்கும் கேள்வி.

ஜுர்ஜானி உணர்ச்சியை மறுத்தவர் அல்லர். அவருடைய ‘அஸ்ராருல் பலாகா’, உவமையும் உருவகமும் மனத்தில் விளைக்கும் மாற்றங்களை நுணுகி ஆராயும் நூல். அறிவால் மட்டும் அறியும் ஒரு கருத்தை, கண்ணாலும் கையாலும் அறியும் ஒன்றன் வடிவில் தரும்போது மனம் தனக்கு நெடுநாள் பழகிய உறவினரைக் கண்டதுபோல அமைதி கொள்கிறது என்பது அவர் விளக்கத்தின் சாரம். புலனறிவு நமக்கு முதலில் வாய்த்தது. கருத்தறிவு பின்னர் வந்தது. ஆகவே கருத்தைப் புலனிடம் கொண்டு சேர்ப்பது, அதனை முதல் வீட்டுக்கே அழைத்துச் செல்வதாகும். பிரான்செஸ்கா சிட்ரோனும் அடேல் கோல்ட்பர்க்கும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. அன்பாகப் பார்த்தாள் என்பது போன்ற நேர்க்கூற்றைவிட, இனிமையாகப் பார்த்தாள் என்பது போன்ற சுவை சார்ந்த உருவகக் கூற்றைப் படிக்கும்போது, மூளையில் சுவைக்குரிய பகுதிகளோடு உணர்ச்சிக்குரிய அமிக்டலாவும் மிகுதியாக இயங்குவதை அவர்கள் கண்டனர். இரு கூற்றுகளின் செய்தியும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபட்டது அச்செய்தி வந்த வழி.

ஆகவே முதல் வினாவுக்குப் பாதி விடை கிடைத்தது. உணர்ச்சி தனிச்சொல்லில் மட்டும் இல்லை, அமைப்பிலும் இருக்கிறது. மீதிப் பாதி, கேட்பவரின் வாழ்வைப் பற்றியது. இப்பகுதியை இப்னு சீனாவோ ஜுர்ஜானியோ விரித்துரைக்கவில்லை. தேனைக் கண்டு பித்தத்தை நினைப்பவர் எல்லோரும் ஒரே அளவில் அருவருப்படைவர் என்பதுபோலவே அவர்கள் பேசுகின்றனர். 1986இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு வேறு கதையைச் சொல்லுகிறது. சிலந்தியைக் கண்டு மிகையாக அஞ்சுவோர்க்குப் பல நிற மைகளில் அச்சிட்ட சொற்கள் காட்டப்பட்டன. சொல்லைப் படிக்க வேண்டா, மையின் நிறத்தை மட்டும் சொல்லுக என்பது கட்டளை. சிலந்தியோடு தொடர்புடைய சொற்கள் வந்தபோது நிறத்தைச் சொல்ல அவர்கள் தாமதித்தனர். பிறர்க்கு வெறும் எழுத்தாக நின்ற ஒன்று அவர்க்குக் குறுக்கே நிற்கும் சுவராயிற்று. அச்சம் தணிவதற்கான சிகிச்சை பெற்றபின் அத்தாமதம் குறைந்தது என்பதும் கருதத் தக்கது. எழுத்துகளில் ஒன்றும் மாறவில்லை. மாறியது படித்தவரின் வாழ்வு.

மொழியோடு இதனை இணைத்துப் பார்க்கும் ஆய்வு 2003இல் வெளிவந்தது. துருக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு, ஆங்கிலத்தைப் பின்னர்க் கற்றோரை காதரின் ஹாரிஸும் அவர்தம் குழுவினரும் பாஸ்டன் நகரில் ஆராய்ந்தனர். விரல்களின் தோலில் ஏற்படும் நுண்ணிய மின் மாற்றம் அளக்கப்பட்டது. உள்ளம் கலங்கினால் உள்ளங்கை வியர்க்கும் என்பதே இதன் அடிப்படை. குழந்தைப் பருவத்தில் பெரியோர் திட்டும் கடிந்துரைகளை ஆங்கிலத்தில் கேட்டபோது இருந்ததைவிடத் துருக்கியில் கேட்டபோது தோலின் எதிர்வினை மிகுதியாக இருந்தது. இரு மொழியிலும் பொருள் அவர்களுக்கு விளங்கிற்று. விளக்கத்தில் குறைவில்லை, உணர்வில்தான் குறைவு. அகராதி தரும் பொருளை நாம் எந்த வயதிலும் கற்றுக்கொள்ளலாம். வீடு தரும் உணர்ச்சியை அவ்வளவு எளிதில் கற்றுக்கொள்ள முடியாது.

தமிழ் மரபு இவற்றை அறியாததன்று. அவையில் சொல்லத்தகாத சொல்லை அவையல் கிளவி என்று தொல்காப்பியம் பிரித்து வைத்தது. நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தது. செத்தார் என்னாது துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலத்துக்கு நாம் பள்ளியில் படித்த எடுத்துக்காட்டுகள். பொருள் ஒன்றாயினும் மனத்தின் மேல் விளைவு ஒன்றன்று என்பதை ஒப்புக்கொண்டதனால்தான் இலக்கணம் இதற்கு இடமளித்தது. தமிழ் முஸ்லிம்களின் வழக்கிலும் இதே மரபு அரபுச் சொற்களின் துணையோடு தொடர்கிறது. வீட்டில் ஒருவர் மௌத்தானார் என்போம். மதிப்புக்குரிய பெரியார் மறைந்தால் வஃபாத்தானார் என்போம். பிணம் என்று நம் வீடுகளில் சொல்வதில்லை. மையித்து என்றே சொல்வோம்.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை இங்குச் சொல்வது பொருந்தும். சில ஆண்டுகளுக்கு முன்னர் என் சிறுகதையொன்று தொகுப்பு நூலொன்றில் இடம்பெற்றது. உம்மும்மாவின் மறைவைப் பற்றிய கதை அது. மையித்தைக் குளிப்பாட்டி முடிந்ததும், உம்மா வெற்றிலைப் பெட்டியை எடுத்து ஒருவரும் காணாதபடி உள்ளே வைத்தார் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். நூல் அச்சாகி வந்தபோது, சடலத்தைக் கழுவி முடித்ததும் என்று அவ்வரி மாறியிருந்தது. கேட்டபோது, எல்லா வாசகர்க்கும் விளங்க வேண்டும் என்பதற்காகவே மாற்றியதாகப் பதிப்பாசிரியர் பொறுமையோடு விளக்கினார். பொருள் கெடவில்லையே என்றும் கேட்டார். கெடவில்லைதான். உயிர் நீங்கிய உடல் என்பதே இரண்டின் பொருளும். ஆனால் சடலம் என்பது காவல்நிலைய அறிக்கையிலும் நாளேட்டிலும் வளர்ந்த சொல்; அடையாளம் தெரியாத என்னும் அடைமொழியோடு பழகிய சொல். அந்த ஒரு சொல் மாறியதும் என் உம்மும்மா யாரோ ஒருவராகிவிட்டார். வெற்றிலைப் பெட்டியை ஒளித்து வைத்த உம்மாவின் செயலும் பொருளிழந்து நின்றது.

அன்று எனக்கு எழுந்த சினம் இன்று இல்லை. அந்தப் பதிப்பாசிரியர் செவியற்றவர் அல்லர். என் செவியில் மையித்து என்னும் சொல்லோடு ஒலிக்கும் சாம்பிராணி மணமும், தாழ்ந்த குரலும், குளிப்பாட்டக் காத்திருக்கும் பெண்களும் அவர் செவிக்கு எட்டியதில்லை. சிலந்தியை அஞ்சாதவர்க்குச் சிலந்தி என்னும் சொல் வெறும் எழுத்தானது போலவே அவருக்கு இதுவும் வெறும் எழுத்தாயிற்று. இன்னொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. அரபு மொழியில் அச்சொல்லுக்கு இறந்தவர் என்பதற்கு மேல் சிறப்பான பொருள் ஏதுமில்லை. அதன் மென்மையும் மரியாதையும் அரபிலிருந்து வந்தவையல்ல. அதனைப் பல தலைமுறைகளாக எடுத்தாண்ட தமிழ் வீடுகள் தந்தவை. ஆகவே அதனை அந்நியச் சொல் என்று நீக்குவோர் மொழியிலிருந்து அரபை நீக்குவதாக எண்ணிக்கொண்டு, தமிழ் வீடொன்றின் துயரத்தை நீக்கி விடுகின்றனர்.

அப்படியாயின் இத்தகைய சொற்களை, அவ்வீடுகளில் வளராத வாசகர்க்கு எவ்வாறு கொண்டு செல்வது? நூலின் இறுதியில் அருஞ்சொற்பொருள் பட்டியல் சேர்ப்பது வழக்கமாக இருந்து வருகிறது. அது பயனற்றதன்று, ஆனால் அது தஸ்தீக்குக்குத் துணை செய்யுமேயன்றித் தக்யீலுக்குத் துணை செய்யாது. மையித்து என்பதற்கு நேரே பிணம் என்று அச்சிட்ட பட்டியல், தேனுக்கு நேரே பித்தம் என்று எழுதியதற்கு ஒப்பாகும். இங்கே ஜுர்ஜானி நமக்கு வழிகாட்டுகிறார். உணர்ச்சி தனிச்சொல்லில் மட்டுமே உறைவதாயின், அந்த வீட்டில் பிறவாத வாசகர்க்கு அது என்றும் எட்டாது. ஆனால் உணர்ச்சி அமைப்பில் பிறப்பது. ஆகவே தேர்ந்த எழுத்தாளர் அதனை வாசகர் நெஞ்சில் புதிதாகப் பிறப்பிக்க முடியும். தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யைப் படித்த முஸ்லிமல்லாத வாசகர் பலர், அந்நூலின் வழக்குச் சொற்களை அகராதியால் அல்ல, அச்சொற்களைப் பேசும் மனிதரோடு பல பக்கங்கள் வாழ்ந்ததாலேயே உள்வாங்கினர். ஒரு சொல்லை முதன்முறை சந்திக்கும்போது வாசகர் அதன் பொருளை ஊகிக்கிறார். பத்தாம் முறை சந்திக்கும்போது அதன் எடையை உணர்கிறார். புதினம் வாசகர்க்கு இரண்டாவது குழந்தைப் பருவத்தைத் தருகிறது எனலாம். பதிப்பாசிரியரின் கடமை அந்தப் பருவத்தைக் குறுக்கே புகுந்து வெட்டாமலிருப்பது.

இறுதியாக, சொல்லின் இந்த ஆற்றலுக்கு நாம் முற்றும் அடிமைகளா என்னும் வினா எழுகிறது. தேன் எடுத்துக்காட்டை இமாம் கஸ்ஸாலி (1058–1111) ‘அல்-முன்கித்’ நூலில் வேறு விதமாகக் கையாள்கிறார். உடலிலிருந்து குருதி உறிஞ்சும் கொம்புக் குவளையில் தேனை ஊற்றினால் மனம் கூசுகிறது. ஆனால் குவளை தேனின் இயல்பை மாற்றி விடுவதில்லை என்கிறார். தாம் விரும்பாத ஒருவர் சொன்னதற்காகவே உண்மையான கருத்தை ஒதுக்குவோரை நோக்கி அவர் கூறிய உவமை இது. கூச்சம் அறியாமையின் விளைவு; அறிவுடையோர் அதனைக் கடந்து தேனை எடுத்துக்கொள்வர் என்பது அவர் கருத்து. இப்னு சீனா கூச்சத்தின் இயற்கையை விளக்கினார். கஸ்ஸாலி அதனை மீறும் கடமையை வற்புறுத்தினார்.

இவ்விடத்தில் ரோசினின் சோதனை ஒரு திருத்தத்தை வேண்டி நிற்கிறது. நஞ்சின் பெயரை ஒட்டிய புட்டியைக் கண்டு தயங்கியோர் அறிவிலிகள் அல்லர்; உள்ளே என்ன இருக்கிறதென்று தெளிவாக அறிந்தவர்கள். ஆகவே கூச்சம் அறியாமையால் மட்டும் வருவதன்று. அறிவு ஒன்றே அதனைப் போக்கிவிடும் என்பதும் இல்லை. ஆயினும் சிலந்திச் சொற்கள் பற்றிய ஆய்வு கஸ்ஸாலியின் பக்கம் சாய்கிறது. பழக்கத்தால், பொறுமையான சந்திப்பால் சொல்லின் மேலிருந்த அச்சம் தணிந்தது. கூச்சம் எழுவதை நம்மால் தடுக்க முடியாமற் போகலாம். கூச்சத்தையே தீர்ப்பாகக் கொள்ளாமலிருக்க முடியும். கை பின்வாங்கியபின், எதற்காகப் பின்வாங்கியது என்று வினவ முடியும்.

திறனாய்வின் வேலையும் இதுவேயாகும். ஒரு கூற்றைக் கண்டால் அது உண்மையா என்று கேட்பதற்குப் பழகியிருக்கிறோம். அதனோடு வேறு இரு வினாக்களையும் கேட்கப் பழக வேண்டும். இச்சொல் என்னை எந்தப் பக்கம் சாய்த்தது? அந்தச் சாய்வை எனக்குத் தந்தது ஆசிரியரின் அமைப்பா, என் வீடா, அன்றி யாரோ ஒட்டிய பெயர்ச்சீட்டா? கவிதையைப் படிக்கும்போது இவ்வினாக்கள் நயத்தின் மூலத்தைக் காட்டும். நாளேட்டைப் படிக்கும்போது அநீதியின் மூலத்தைக் காட்டும். நூலைப் பதிப்பிக்கும்போதோ, நமக்கு வெறும் எழுத்தாகத் தோன்றும் ஒரு சொல் பிறிதொருவர்க்கு அவர் உம்மும்மாவின் கடைசி முகமாக இருக்கலாம் என்பதை நினைவூட்டும்.

என் கதை மறுபதிப்புக்கு வந்தபோது அந்தப் பதிப்பாசிரியரே பழைய சொல்லை மீண்டும் சேர்த்து அனுப்பினார். அருஞ்சொற்பொருள் வேண்டுமா என்று கேட்டிருந்தார். வேண்டா, அதற்கு முந்தைய பக்கத்தில் தண்ணீர் கொதிக்கும் இரண்டு வரிகளைச் சேர்த்திருக்கிறேன், அவை போதும் என்று எழுதினேன்.